ஒரு பிள்ளையும் இரு வீடுகளும்: பகிர்ந்த கட்டுக்காப்பும் நலக் கொடுப்பனவின் நீதியும்

அவரவர்க்குரியதை அவரவர்க்கு அளித்தலே நீதி என்பது மேனாட்டு மெய்யியலில் மிகப் பழைமையான வரைவிலக்கணங்களுள் ஒன்றாகும். பங்கிடப்படும் பொருளும் பங்கு பெறுவோரும் தெளிவாக இருக்குமிடத்து இவ்வரைவிலக்கணம் நன்கு பயன்படும். ஆனால், ஒரு பொருள் ஒருவரின் பொருட்டு வழங்கப்பட்டு இன்னொருவர் கையில் ஒப்படைக்கப்படுமாயின், அது யாருக்குரியது என்ற வினாவுக்கு விடை காண்பது எளிதன்று. பிள்ளைகளின் வளர்ப்புக்கென அரசு வழங்கும் நலக் கொடுப்பனவு இத்தகைய பொருளாகும். அது பிள்ளையின் பொருட்டு வழங்கப்படுகின்றது. பெற்றோரின் கையிற் கொடுக்கப்படுகின்றது. பெற்றோர் ஒரே கூரையின் கீழ் வாழும்வரை இவ்விரண்டுக்குமிடையிலுள்ள இடைவெளி புலப்படுவதில்லை. அவர்கள் பிரிந்து, பிள்ளை வாரத்திற் சில நாட்கள் தாயின் வீட்டிலும் சில நாட்கள் தந்தையின் வீட்டிலும் வளரத் தொடங்கியதும் அவ்விடைவெளி வெளிப்பட்டு நிற்கின்றது. கொடுப்பனவு ஒன்று, வீடுகள் இரண்டு. அதனை யாருக்குக் கொடுப்பது? ஒருவருக்கு முழுவதையும் கொடுத்து மற்றவருக்கு ஒன்றுமே கொடாதுவிடுவது நீதியாகுமா? இருவருக்கும் பாதி பாதியாகப் பகிர்ந்துவிட்டால் நீதி நிறைவேறிவிடுமா?

இவ்வினா பல நாடுகளில் எழுந்துள்ளதெனினும், ஐக்கிய இராச்சியத்திலேயே இது நீதிமன்றங்களின் முன் மீண்டும் மீண்டும் வைக்கப்பட்டு, இரு பக்க நியாயங்களும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆதலின் அந்நாட்டு நிலைமையை அடிப்படையாகக் கொண்டு இவ்வினாவை நோக்குதல் பொருத்தமுடையது.

பிரித்தானியாவில் பிள்ளைக் கொடுப்பனவின் வரலாறே, பணம் யார் கையிற் சேரவேண்டும் என்ற விவாதத்தோடு தொடங்குகின்றது. எலினோர் றாத்போன் 1924 இல் வெளியிட்ட நூலில், உழைப்பவனின் ஊதியம் குடும்பத்தின் தேவையை அளவிடுவதில்லை என்றும், பிள்ளைகளை வளர்க்கும் தாய்க்கு அரசே நேரடியாகக் கொடுப்பனவு வழங்கவேண்டும் என்றும் வாதிட்டார். இரு தசாப்தங்களுக்குப் பின்னர் 1945 இல் குடும்பக் கொடுப்பனவுச் சட்டமூலம் பாராளுமன்றத்திற்கு வந்தபோது, அது பணத்தைத் தந்தைக்கு உரியதாக்கியிருந்தது. றாத்போன் அதனைக் கடுமையாக எதிர்த்தார். சட்டம் நிறைவேறியபோது பணம் தாய்க்குரியதாயிற்று. 1946 ஆகத்து மாதத்தில், முதற் பிள்ளை தவிர்ந்த ஏனைய ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 சிலிங் வீதம் கொடுப்பனவு தொடங்கியது. அதனைக் காண றாத்போன் உயிரோடிருக்கவில்லை. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே அவர் காலமாகிவிட்டார். 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1977 முதல் முதற் பிள்ளைக்கும் கொடுப்பனவு வழங்கப்படலாயிற்று. தாயின் கையிற் சேரும் பணம் பிள்ளையைச் சென்றடையும் என்ற நம்பிக்கை இவ்வரலாற்றின் அடித்தளமாகும். ஒரு வீட்டிற்குள் ஆண் தன் கையில் வைத்துக்கொள்ளும் பணத்திலிருந்து பிள்ளையைக் காப்பதற்காகவே ஒருவருக்கு மட்டும் கொடுத்தல் என்ற விதி பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. பிள்ளைக்கு இரண்டு வீடுகள் இருக்கக்கூடும் என்ற நிலை அவ்விதியை ஆக்கியோரின் சிந்தையில் முக்கிய இடம் பெற்றிருக்கவில்லை.

இன்று நடைமுறையிலுள்ள ஒழுங்கு அவ்விதியையே பின்பற்றுகின்றது. ஒரு பிள்ளைக்கான கொடுப்பனவை ஒருவர் மட்டுமே பெறலாம். பெற்றோர் தமக்குள் உடன்பாடு காணாவிடின் அதிகாரிகள் ஒருவரைத் தெரிவு செய்வர். இரு பிள்ளைகள் இருப்பின் தாய் ஒரு பிள்ளைக்கும் தந்தை மற்றப் பிள்ளைக்குமாகக் கொடுப்பனவு பெறுதல் கூடும். ஒரே பிள்ளையாயின் அவ்வழியும் இல்லை. வறியோருக்கு வழங்கப்படும் யூனிவர்சல் கிரெடிற் என்னும் ஒருங்கிணைந்த கொடுப்பனவிலும் பிள்ளைக்கான பகுதி, பிரதான பொறுப்பு வகிக்கும் ஒருவருக்கே உரியது. மற்றவர், தம் பிள்ளை வாரத்தில் எத்தனை நாட்கள் தம்மோடு உறங்கினாலும், கொடுப்பனவுக் கணக்கிற் பிள்ளையற்ற தனியாளாகவே கொள்ளப்படுவார்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். தாயும் தந்தையும் பிரிந்து வாழ்கின்றனர், இருவருமே வேலையற்றோர், இருவரும் அரச கொடுப்பனவிலேயே வாழ்கின்றனர். ஒரே பிள்ளை வாரத்தில் நான்கு இரவுகள் தாயிடமும் மூன்று இரவுகள் தந்தையிடமும் தங்குகின்றது. தந்தை பெறும் தொகை ஒருவர் உண்டு உடுத்து வாழ்வதற்குரிய அடிமட்டத் தொகை. அவ்வாறு கணக்கிடப்பட்ட தொகையில் வாரத்தில் மூன்று நாட்கள் இருவர் உண்ணவேண்டும். பிள்ளைக்குக் காலை உணவு வேண்டும். குளிர்காலத்தில் அறை சூடாக இருக்கவேண்டும். பாடசாலைக்குச் செல்லப் பேருந்துக் கட்டணம் வேண்டும். ஓராண்டுக்கு இவை 156 இரவுகள். இவ்விரவுகளின் செலவுக்கு அவருடைய கொடுப்பனவில் எவ்விடமும் இல்லை.

உணவிலும் மேலான இடர் உறைவிடத்தில் உண்டு. தனியார் வீட்டில் வாடகைக்கு வாழும் 35 வயதுக்குக் குறைந்த தனியாளுக்கு, வேறு பலரோடு பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அறைக்குரிய அளவிலேயே பொதுவாக வாடகை உதவி வழங்கப்படுகின்றது. 2012 சனவரிக்கு முன்னர் இவ்வயதெல்லை 25 ஆக இருந்தது. பிள்ளை தாயின் வீட்டுக்குரியதாகக் கணக்கிடப்படுதலால், இளந் தந்தை இவ்விதிக்கு உட்படுகின்றார். அந்நியரோடு சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்துகொள்ளும் அத்தகைய வீட்டிற்கு ஐந்து வயதுப் பிள்ளையை அழைத்து வந்து தங்கவைக்கப் பொறுப்புள்ள எந்தத் தந்தையும் தயங்குவார். சமூக வீடுகளில் வாழ்வோரின் நிலையும் இதனோடு ஒத்ததே. 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒழுங்கின்படி, தேவைக்கு மேற்பட்ட படுக்கையறை ஒன்று இருப்பின் வாடகை உதவி கணக்கிடப்படும்போது வாடகையில் 14 சதவீதம் கழிக்கப்படும். இரு வீடுகளில் வாழும் பிள்ளை ஒரு வீட்டிலேயே வாழ்வதாகக் கொள்ளப்படுவதால், மற்ற வீட்டில் அதற்கென வைத்திருக்கும் அறை மிகையான அறையாகின்றது. இங்ஙனம் ஒரு சிறு கொடுப்பனவு பற்றிய தீர்மானம் உணவு, உறைவிடம் முதலிய ஏனையவற்றையும் தீர்மானித்துவிடுகின்றது.

இந்நிலையை எதிர்த்துத் தந்தையர் சிலர் நீதிமன்றத்தை நாடினர். 2004 இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தந்தைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வேலை தேடுவோருக்கான கொடுப்பனவைப் பெற்றுவந்த அவர், பிள்ளைகளின் பராமரிப்பைத் தாயோடு பகிர்ந்துகொண்டிருந்தபோதும் பிள்ளைகளுக்கான மேலதிகத் தொகை அவருக்கு மறுக்கப்பட்டிருந்தது. பிள்ளைக் கொடுப்பனவு பெறுபவருக்கே மேலதிகத் தொகை என்ற விதி பெரும்பாலும் ஆண்களையே பாதிக்கின்றது. ஆதலின் சமூகப் பாதுகாப்பில் ஆண் பெண் சமத்துவத்தை வலியுறுத்தும் 1978 ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பணிப்புக்கு அது முரணானது என நீதிமன்றம் கண்டது. ஆயின் அதற்கு முன்னரே, 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பிள்ளைகளுக்கான உதவி வரித் திணைக்களம் வழங்கும் புதியதொரு கொடுப்பனவுக்கு மாற்றப்பட்டிருந்தது. அதிலும் ஒருவருக்கே முழுவதும் என்ற விதி இடம்பெற்றது. வாரத்தில் மூன்று நாட்கள் பிள்ளைகளைப் பராமரித்துவந்த மற்றொரு வறிய தந்தை, ஐரோப்பிய மனித உரிமைகள் சமவாயத்தின் அடிப்படையில் அவ்விதியை எதிர்த்து வழக்காடினார். 2012 மே மாதத்தில் ஐக்கிய இராச்சியத்தின் உயர் நீதிமன்றம் அவரது மேன்முறையீட்டை ஏகமனதாக நிராகரித்தது.

அத்தீர்ப்பை எழுதிய ஹேல் சீமாட்டியார் குடும்பச் சட்டத்தில் ஆழ்ந்த புலமையுடையவர். விதி ஆண்களை மறைமுகமாகப் பாதிக்கின்றது என்பது அவ்வழக்கில் மறுக்கப்படவில்லை. அப்பாதிப்புக்குத் தகுந்த நியாயம் உண்டா என்பதே வினாவாயிற்று. கொடுப்பனவின் நோக்கம் பிள்ளைகளின் வறுமையைக் குறைத்தல். அந்நோக்கிற்கு, போதிய வளமற்ற இரு வீடுகளை உருவாக்குதலிலும் ஓரளவு போதிய வளமுள்ள ஒரு வீட்டை உருவாக்குதல் பிள்ளைக்கு நன்மை பயக்கும் என அரசு கருதியது நியாயமானதே என்பது தீர்ப்பின் சாரம். நடைமுறை எளிமையும் கவனத்திற் கொள்ளப்பட்டது. இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இரு வீடுகளிலும் பிள்ளை அரை வயிற்றோடு உறங்குவதிலும் ஒரு வீட்டிலேனும் வயிறார உண்பது மேலானதென்று யாரும் கூறுவர்.

எனினும் இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். நீதிமன்றம் கையாண்ட அளவுகோல், விதி வெளிப்படையாகவே நியாயமான அடிப்படையற்றதா என்பதாகும். சமூக, பொருளாதாரக் கொள்கைகளில் தெரிவு செய்யும் உரிமை பாராளுமன்றத்துக்குரியது என்ற காரணத்தால் நீதிபதிகள் இத்தகைய தாராளமான அளவுகோலைக் கைக்கொண்டனர். அவ்வளவுகோலிற் சித்தியடைந்த விதி, சட்டவிரோதமானதன்று என்றே பொருள்படும்; நீதியானது என்று பொருள்படாது. நீதிபதி நின்ற இடத்தில் வினா முடிவடைகின்றது. சட்டம் ஆக்குவோனுக்கும் ஒழுக்கவியல் சிந்தனையாளனுக்கும் அவ்விடத்திலேயே வினா தொடங்குகின்றது. ஒரு வீட்டுக்குக் கொடுப்பது நியாயமான தெரிவு என ஏற்றுக்கொண்டபின்னும், மற்ற வீட்டிற் பிள்ளை கழிக்கும் நாட்களின் செலவை யார் ஏற்பது என்ற வினா விடையின்றியே நிற்கின்றது. அச்செலவு கணக்கில் இடம்பெறாமையால் இல்லாமற் போய்விடுவதில்லை. அது வறிய தந்தையின் தட்டிலிருந்தோ, வறிய தாயின் விட்டுக்கொடுப்பிலிருந்தோ, பிள்ளை தந்தையிடம் செல்லும் நாட்களைக் குறைப்பதிலிருந்தோ ஈடு செய்யப்படுகின்றது.

மேலும், அதே அரசு இன்னொரு கணக்கில் இரவுகளை மிக நுணுக்கமாக எண்ணுகின்றது. பிரிந்து வாழும் பெற்றோருள் ஒருவர் மற்றவருக்குச் செலுத்தவேண்டிய தாபரிப்புப் பணம், பிள்ளை அவரோடு தங்கும் இரவுகளுக்கேற்பக் குறைக்கப்படுகின்றது. ஆண்டுக்கு 52 முதல் 103 இரவுகள்வரை தங்கினால் ஏழில் ஒரு பங்கு. 104 முதல் 155 வரை ஏழில் இரு பங்கு. 156 முதல் 174 வரை ஏழில் மூன்று பங்கு. 175 இரவுகளோ அதற்கு மேலோ ஆயின் பாதி எனச் சட்டம் வகுத்துள்ளது. முன்னர்க் கூறிய எடுத்துக்காட்டில் வரும் தந்தைக்குரிய 156 இரவுகள், அவர் ஊதியம் பெற்றுத் தாபரிப்புச் செலுத்துபவராக இருந்திருப்பின், ஏழில் மூன்று பங்கு பெறுமதி பெற்றிருக்கும். அவர் வேலையற்று அரசின் உதவியை நாடும்போது அதே இரவுகள் பூச்சியமாகின்றன. பிள்ளையின் இரவுக்குச் செலவு உண்டு என்பதைப் பெற்றோரிடையேயான கணக்கில் ஏற்றுக்கொள்ளும் அரசு, தான் கொடுக்கும் முறை வரும்போது அதனை ஏற்க மறுக்கின்றது. ஒரே உண்மையை இரு கணக்குகளில் இரு விதமாக எழுதுதல் ஒழுக்கவியல் நோக்கில் ஏற்புடையதன்று.

இம்முரண்பாட்டுக்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. பிரிந்தபின்னும் பெற்றோர் இருவரும் பிள்ளையின் வாழ்வில் ஈடுபட்டிருத்தல் அதன் நலத்துக்கு உகந்தது என, மாறாகக் காட்டப்படும்வரை, நீதிமன்றங்கள் அனுமானிக்கவேண்டும் என்பது 2014 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் சட்டமாகியுள்ளது. கட்டுக்காப்பு என்ற சொல்லையே அச்சட்டத்துறை 1989 இல் கைவிட்டு, பிள்ளை ஒருவரின் உடைமையன்று என்ற கருத்தை முன்வைத்தது. பொதுநன்மை என ஒன்றைப் பிரகடனஞ் செய்த சமூகம், அதனை நுகரும் வழியை வசதி படைத்தோருக்கு மட்டும் விட்டுவைக்குமாயின் அப்பிரகடனம் பாதி உண்மையாகின்றது. ஊதியமுள்ள தந்தை இரண்டாவது படுக்கையறைக்கு வாடகை செலுத்துவார். அவருடைய பிள்ளைக்கு இரு பெற்றோர். ஊதியமற்ற தந்தை அது செய்யமாட்டார். அவருடைய பிள்ளைக்கு ஒரு பெற்றோரும் பூங்காவில் சந்திக்கும் ஒரு விருந்தாளியும். இங்கு இழப்புக்குள்ளாவது தந்தையின் சமத்துவம் மட்டுமன்று, பிள்ளையின் உறவுமாகும்.

அவ்வாறாயின் கொடுப்பனவைச் சரிபாதியாகப் பகிர்தல் போதுமானதா? சில நாடுகள் இவ்வழியிற் சென்றுள்ளன. பிரான்சு 2007 முதல், பிள்ளை மாறி மாறி இரு வீடுகளிலும் வாழுமிடத்துக் குடும்பக் கொடுப்பனவைப் பெற்றோர் இருவருக்கும் பகிர்ந்தளிக்க இடமளித்தது. கனடாவில் 2011 யூலை முதல், பகிர்ந்த கட்டுக்காப்புடைய பெற்றோர் ஒவ்வொருவரும் தத்தம் வருமானத்துக்கேற்பத் தமக்குக் கிடைக்கக்கூடிய தொகையின் பாதியைப் பெறுகின்றனர். சுவீடனில் 2014 மார்ச் முதலாந் திகதியிலிருந்து பிறந்த பிள்ளைகளுக்கான கொடுப்பனவு, கூட்டுக் கட்டுக்காப்புடைய பெற்றோர் இருவருக்கும் இயல்பாகவே பாதி பாதியாகச் செல்கின்றது. அவுஸ்திரேலியாவில் 2008 யூலை முதல், பராமரிப்பு நேரத்தில் 35 சதவீதத்துக்குக் குறையாத பங்குடையோருக்கே குடும்பக் கொடுப்பனவிற் பங்கு உண்டு. அதற்குக் குறைந்து 14 சதவீதம்வரை பங்குடையோர் வாடகை உதவிக்கேனும் தகுதி பெறலாம். நடைமுறைச் சிக்கல் பகிர்வைச் சாத்தியமற்றதாக்கிவிடும் என்ற வாதத்தை இவை வலுவிழக்கச் செய்கின்றன.

ஆயினும் பாதி பாதியாகப் பகிர்தலும் முழுமையான விடையன்று. சாலமன் அரசனின் கதையில் பிள்ளையை வாளாற் பிளத்தல் கொடுமை என உணர்ந்தவள் உண்மைத் தாயாக அறியப்பட்டாள். பணம் பிள்ளையன்று, அதனைப் பிளத்தலிற் கொடுமை இல்லை என்று கூறத் தோன்றும். ஆனால் ஒரு தாயின் வீட்டுச் செலவு, பிள்ளை மூன்று நாட்கள் வெளியிற் தங்குவதால் ஏழில் மூன்று பங்கு குறைந்துவிடுவதில்லை. பிள்ளையின் செலவுகள் இரு வகைப்படும். உணவு, பயணம் போன்றவை பிள்ளையோடு செல்பவை. அது எவ்வீட்டில் இருக்கின்றதோ அவ்வீட்டில் அவை எழும். அறை, கட்டில், போர்வை, வெப்பமூட்டும் சாதனம் போன்றவை வீட்டோடு நிற்பவை; பிள்ளை இல்லாத நாட்களிலும் அவை இருந்தாக வேண்டும். முதல் வகையைப் பகிரலாம். இரண்டாவது வகையைப் பகிரமுடியாது, இரட்டிப்பாக்கவே முடியும். ஒரு தொகையை இரண்டாக வெட்டும் சட்டம் இரண்டாவது வகைச் செலவை மறந்துவிடுகின்றது. ஒருவருக்கே கொடுக்கும் சட்டம் இரு வகைகளையும் மறந்துவிடுகின்றது.

பகிர்வுக்கு எதிராக மேலும் இரு நியாயங்கள் கூறப்படக்கூடும். இரவுகளுக்கேற்பப் பணம் கிடைக்குமாயின் இரவுகளே பேரத்துக்குரிய பொருளாகலாம். 35 சதவீதம் என்ற எல்லைக்கு ஓரிரவு குறைந்தாலும் கொடுப்பனவை இழக்க நேருமெனின், பிள்ளையின் விருப்பத்தையும் பாடசாலையையும் புறக்கணித்து அவ்வோரிரவுக்காகப் பெற்றோர் வழக்காட நேரும். அடுத்து, பிரிவுக்கு முன்னர்ப் பணத்தின் மூலம் மனைவியைத் தன் பிடிக்குள் வைத்திருந்த கணவன், பிரிந்தபின் பகிர்வு என்ற பெயரில் அப்பிடியைத் தொடரக்கூடும். றாத்போன் தாயின் கைக்குப் பெற்றுக்கொடுத்த பணத்தைச் சமத்துவத்தின் பெயரால் பறிப்பது, ஒரு வறியவரின் பசியைத் தீர்க்க இன்னொரு வறியவரின் சோற்றை எடுப்பதாகும். இவ்விரு அச்சங்களும் மெய்யானவை. ஆயினும் இவை உணர்த்துவது, தாயின் பங்கைக் குறைத்துத் தந்தைக்குக் கொடுத்தல் தவறு என்பதையே. தந்தையின் வீட்டிலுள்ள பிள்ளைக்கு ஒன்றுமே கொடாதிருத்தல் சரி என்பதையன்று.

அரிசுடோட்டில் தமது ஒழுக்கவியல் நூலின் ஐந்தாம் பகுதியில், சட்டம் பொதுவானதாதலின் தனி நிலைமைகளிற் சில வேளை தவறிவிடும் என்றும், அங்கு அதனைத் திருத்தும் நேர்மை வேண்டும் என்றும் கூறி, இலெசுபோசுக் கட்டடக் கலைஞரின் ஈய அளவுகோலை உவமையாகக் காட்டுகின்றார். அக்கோல் கல்லின் வடிவத்துக்கேற்ப வளையும். வளைந்தும் அளவுகோலாகவே இருக்கும். ஒரு பிள்ளைக்கு ஒரு வீடு என்ற கோல் நேரானது, கையாள எளிது. பெரும்பாலான குடும்பங்களுக்கு அது பொருந்தலாம். பொருந்தாத குடும்பங்களில், கோலை வளைப்பதற்குப் பதிலாகக் கல்லையே உடைத்துவிடுதல் அளவையின் நோக்கமாகாது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, நீதியான ஒழுங்கின் உருவம் ஓரளவு தெளிவாகின்றது. பிள்ளைக்கான பிரதான கொடுப்பனவு, நிலையான வீட்டைப் பேணுபவரிடம் தொடர்ந்து சேரலாம். அதற்கு ஹேல் சீமாட்டியார் காட்டிய நியாயம் போதியது. அடிமட்ட உதவியில் வாழும் மற்றப் பெற்றோருக்கோ, பிள்ளை தங்கும் நாட்களுக்குரிய உணவுச் செலவும், அது உறங்குவதற்கோர் அறையும் தாயின் பங்கிலிருந்து எடுக்கப்படாமல் வேறாகக் கணிக்கப்படவேண்டும். இது அரசுக்கு மேலதிகச் செலவு என்பது உண்மையே. ஆனால் அச்செலவு புதிதாக உண்டாக்கப்படுவதன்று. ஏற்கெனவே வறியோர் சுமந்துவருவது. பகிர்ந்த வளர்ப்பைப் பொதுநன்மை எனப் போற்றும் சமூகம் அதன் விலையில் ஒரு பங்கைத் தானே ஏற்கவேண்டும். ஏற்க இயலாதெனின், வறியோரின் பிள்ளைகளுக்கு அந்நன்மை கிட்டாது என்பதையேனும் ஒளிவின்றிக் கூறவேண்டும். இரண்டையும் செய்யாது பிள்ளையை ஒரு வீட்டில் மட்டும் எண்ணிவிட்டு, எளிமையின் பெயரால் கணக்கை மூடுவது நீதியாகாது.

பெற்றோருள் யாருக்கு உரிமை அதிகம் என்று வினவும்வரை இச்சிக்கல் இருவரின் வழக்காகவே நீளும். பிள்ளை இன்றிரவு எங்கு உறங்குகின்றது, அங்கு அதற்கு உணவு உண்டா என்று வினவும்போதே, கொடுப்பனவு எவர் பொருட்டு வழங்கப்பட்டதோ அவரை வினா சென்றடைகின்றது. அவரவர்க்குரியதை அளித்தல் என்ற பண்டைய வரைவிலக்கணத்தில், பெற்றோர் இருவருக்கும் முன்னர் எண்ணப்படவேண்டிய பங்காளர் அப்பிள்ளையே.